மென்பொருளாக்கத்திற் பொதுமையும் தனியுடைமையும்: தனியார் பொதிகளின் சார்புறவு பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

1

தொழினுட்பப் பிரச்சினைகள் எனப் பொதுவாக ஒதுக்கிவைக்கப்படும் பலவற்றின் அடியிலே சமுதாய உறவுகள் பற்றிய பிரச்சினைகள் மறைந்து கிடப்பதை வரலாற்றாய்வு காலத்துக்குக் காலம் வெளிக்கொணர்ந்துள்ளது. அச்சியந்திரம் பற்றியோ புகையிரதம் பற்றியோ எழுதுவோர் இவ்வுண்மையை இன்று தயக்கமின்றி ஏற்றுக்கொள்வர். கணினி மென்பொருளைப் பொறுத்தவரையில் இந்நோக்கு தமிழிற் போதியளவு வேரூன்றியதாகக் கூறமுடியாது. மென்பொருளாக்கத்தில் ஈடுபட்டோர் நாளாந்தம் எதிர்நோக்கும் ஒரு சிக்கலை இக்கட்டுரையில் எடுத்துக்கொள்கிறோம். ஒரு நிறுவனம் தனக்குள்ளே மாத்திரம் வழங்கும் நிரற்பொதிகளைத் தனது பல உபதிட்டங்களுக்கிடையே எவ்வாறு பகிர்ந்துகொள்வது, பதிப்பு வேறுபாடுகளை எவ்வாறு கட்டுப்படுத்துவது, அவை வெளியாரிடம் செல்லாதவாறும் வெளியாரின் பொருள் அவற்றின் பெயரால் உள்ளே புகாதவாறும் எவ்வாறு பேணுவது என்பதே அச்சிக்கலாகும். அது தோன்றிய வரலாற்றுச் சூழலை ஆராய்வதே எமது நோக்கம்.

சில சொற்களை முதலில் வரையறுத்துக்கொள்ளுதல் நன்று. குறித்ததொரு வேலையைச் செய்யவல்ல நிரற்பகுதியைப் பெயரும் பதிப்பெண்ணுமிட்டுப் பிறர் எடுத்துப் பயன்படுத்தக்கூடியதாகக் கட்டிவைப்பதைப் பொதி என்கிறோம். ஒரு நிரல் இயங்குவதற்கு மற்றொரு பொதி இன்றியமையாததாக அமையின் முன்னையது பின்னையதிற் சார்ந்துள்ளது என்கிறோம். பொதிகளின் பெயர்களையும் பதிப்புகளையும் பதிந்து, கேட்போருக்கு வழங்கும் இடம் பதிவகம் ஆகும். எவரும் எடுக்கத்தக்கதாகப் பதிவகத்திலுள்ளது பொதுப்பொதி. ஒரு நிறுவனத்தாருக்கு மட்டும் உரியதாக மறைக்கப்பட்டுள்ளது தனியார் பொதி.

இலக்கிய ஆய்வாளருக்கு இத்துறையில் என்ன அலுவல் என்ற வினா எழக்கூடும். ஏட்டுச்சுவடிகளை ஒப்புநோக்கிப் பாடபேதங்களைத் தீர்மானித்த பதிப்பாசிரியர்களின் பணியோடு பரிச்சயமுடையோருக்கு, எந்தப் பதிப்பு எங்கிருந்து வந்தது, அதை நம்பலாமா, அதை வைத்திருப்பவர் யார் என்ற வினாக்கள் புதியனவல்ல. மென்பொருளும் ஒருவகை எழுத்தே. பலரால் எழுதப்பட்டு, படியெடுக்கப்பட்டு, திருத்தப்பட்டு வழங்கும் எழுத்து அது. ஆதலின் அதன் உற்பத்தியையும் உடைமையையும் பற்றிய ஆராய்ச்சி எமது புலமைக்கு முற்றிலும் அந்நியமானதன்று.

2

நிரற்பகுதிகளை மீளப் பயன்படுத்தும் வழக்கம் கணினியின் தோற்றத்தோடு தொடங்கியது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கணித ஆய்வுகூடத்தில் 1949 ஆம் ஆண்டு மே மாதத்தில் எட்சாக் என்னும் கணினி இயங்கத் தொடங்கியது. அங்கு பணியாற்றிய மொறிஸ் வில்க்ஸ், டேவிட் வீலர், ஸ்ரான்லி கில் ஆகியோர் அடிக்கடி வேண்டப்படும் கணிப்புகளுக்கான துணைநிரல்களைத் துளையிட்ட காகித நாடாக்களிற் பதிந்து ஓர் அலுமாரியிலே தொகுத்து வைத்தனர். வேண்டியவர் உரிய நாடாவை எடுத்துத் தமது நிரல் நாடாவிற் படியெடுத்தபின் மீண்டும் வைத்துவிடுவார். இத்தொகுதியை அவர்கள் நூலகம் என்றே அழைத்தனர். 1951 ஆம் ஆண்டில் மூவரும் வெளியிட்ட நூல் இந்நூலகத்தின் அமைப்பை உலகுக்கு அறிமுகஞ் செய்தது.

இக்கட்டத்திற் சார்புறவு இருந்தது; ஆனால் அது தொடர்ந்து நிற்கும் உறவாக இருக்கவில்லை. படியெடுத்தவுடன் துணைநிரல் எடுத்தவருடையதாகிவிடும். அலுமாரியிலுள்ள மூலநாடா பின்னர் திருத்தப்படினும் எடுத்தவரின் நிரல் பழைய பாடத்தையே கொண்டிருக்கும். பயன்படுத்துவோர் ஒரே ஆய்வுகூடத்தில், ஒருவரையொருவர் அறிந்தவர்களாக இருந்தமையால் தனியார், பொது என்ற வேறுபாட்டுக்குத் தேவையும் இருக்கவில்லை.

அமெரிக்காவில் இதே செய்கை வேறொரு சமுதாயத் தளத்தில் நிகழ்ந்தது. ஐ.பி.எம். கம்பனியின் 704 ஆம் இலக்கக் கணினியைப் பெறவிருந்த நிறுவனங்கள் 1955 ஆம் ஆண்டில் லொஸ் ஏஞ்சல்ஸ் பகுதியிற் கூடி ஷெயார் என்னும் பயனர் சங்கத்தை அமைத்தன. அவற்றுட் பல கலிபோர்னியாவின் விமான உற்பத்தித் துறையைச் சார்ந்தவை. அரசாங்க ஒப்பந்தங்களுக்காக ஒன்றோடொன்று போட்டியிட்டவை. இருந்தும், ஒரே அடிப்படை நிரலை ஒவ்வொரு நிறுவனமும் தனித்தனியே எழுதுவதால் ஏற்பட்ட வீண்செலவு அவற்றைத் தம் நிரல்களைப் பகிர்ந்துகொள்ளத் தூண்டியது. விமானம் விற்பனைப் பண்டம். நிரலோ அப்போது விற்பனைப் பண்டமன்று. இயந்திரத்தோடு சேர்ந்து வரும் துணைப்பொருளாகவே அது கருதப்பட்டது. நிரலுக்கு விலை இல்லாதிருந்த அந்த இடைவெளியிலேதான் போட்டியாளரிடையேயும் பொதுமை சாத்தியமாயிற்று என்பது மனங்கொளத்தக்கது.

3

1968 ஆம் ஆண்டும் அதனை அடுத்த ஆண்டும் இவ்வரலாற்றில் ஒரு திருப்பத்தைக் குறிக்கின்றன. 1968 ஒக்ரோபரில் மேற்கு ஜேர்மனியின் கார்மிஷ் நகரில் நேற்றோ அமைப்பின் ஆதரவில் ஒரு மாநாடு நடைபெற்றது. மென்பொருட் பொறியியல் என்ற தொடர் பரவலாக வழங்கலாயிற்று என்பதற்காக அது நினைவுகூரப்படுகிறது. பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த டக்ளஸ் மக்கில்றோய் அங்கு சமர்ப்பித்த கட்டுரையில், ஏனைய கைத்தொழில்களிற் காணப்படுவது போல மென்பொருளுக்கும் பெருந்தொகையாக உற்பத்தி செய்யப்பட்ட உறுப்புகள் வேண்டும் என வாதிட்டார். வேகம், துல்லியம், அளவு ஆகியவற்றால் வகைப்படுத்தப்பட்ட துணைநிரல்களைப் பட்டியலிலிருந்து தெரிந்தெடுத்துப் பொருத்தும் நிலையை அவர் கனவு கண்டார். கைவினையாளரின் பட்டறையிலிருந்து இயந்திரக் கைத்தொழிலுக்கு மாறும் கட்டத்தின் குரலாக அதனைக் கொள்ளலாம்.

மக்கில்றோயின் கனவு நனவாவதற்கு நிரல் பண்டமாக வேண்டியிருந்தது. 1969 ஜனவரியில் அமெரிக்க நீதித் திணைக்களம் ஐ.பி.எம். மீது ஏகபோகத் தடைச் சட்டத்தின் கீழ் வழக்குத் தொடர்ந்தது. அவ்வாண்டு ஜூனில் அக்கம்பனி தனது மென்பொருட்களிற் பலவற்றையும் சேவைகளையும் இயந்திரத்தினின்றும் பிரித்துத் தனி விலைக்கு விற்கப்போவதாக அறிவித்தது. மென்பொருட் சந்தையின் வளர்ச்சிக்கு இவ்வறிவிப்பு முக்கியமான உந்துதலாயிற்று. விலை பிறந்த இடத்தில் மறைப்பும் பிறந்தது. மூலநிரல் படிப்படியாக வாடிக்கையாளரின் கண்ணிலிருந்து விலக்கப்பட்டது. 1983 ஆம் ஆண்டில் றிச்சாட் ஸ்ரோல்மன் அறிவித்த நூ திட்டமும் அதனையொட்டி எழுந்த கட்டற்ற மென்பொருள் இயக்கமும் இவ்விலக்கலுக்கெதிரான எதிர்வினைகளே.

ஆகவே தனியார் பொதி என்ற கருத்தினை மனிதருக்கு இயல்பான இரகசிய உணர்வின் வெளிப்பாடாகக் கொள்ளமுடியாது. குறிப்பிட்டதோர் உற்பத்தி முறையின் குறிப்பிட்டதொரு கட்டத்தில் அது தோன்றிற்று.

4

இனி, ஒரு நிறுவனத்தின் உள்ளமைப்பை நோக்குவோம். மார்க்ஸ் 1867 ஆம் ஆண்டில் வெளிவந்த மூலதனம் முதலாம் பாகத்திலே தொழிற்பிரிவின் இருவகைகளை வேறுபடுத்திக் காட்டுகிறார். சமுதாயம் முழுவதிலுமுள்ள தொழிற்பிரிவு பண்டப் பரிவர்த்தனை மூலம், முன்கூட்டிய திட்டமெதுவுமின்றிச் சந்தையின் ஏற்றத்தாழ்வுகளால் ஒழுங்குசெய்யப்படுகிறது. பட்டறைக்குள்ளேயுள்ள தொழிற்பிரிவோ முதலாளியின் அதிகாரத்தின் கீழ் முன்கூட்டிய திட்டப்படி நடைபெறுகிறது. வெளியே திட்டமின்மையும் உள்ளே திட்டமும் ஒன்றையொன்று வேண்டி நிற்கின்றன என்பதே அவரது முடிபு.

மென்பொருளாக்கத்தில் இவ்வேறுபாடு சுவையானதொரு சிக்கலை அடைகிறது. 1968 ஏப்பிரலில் மெல்வின் கொன்வே வெளியிட்ட கட்டுரையொன்று, ஒரு நிறுவனம் வடிவமைக்கும் அமைப்பு அந்நிறுவனத்தின் தொடர்பாடல் அமைப்பையே பிரதிபலிக்கும் என்று கூறியது. 1972 இல் டேவிட் பார்னஸ், ஒவ்வொரு கூறும் தன் உள்விவரங்களை ஏனைய கூறுகளுக்கு மறைத்தல் வேண்டும் என்ற கோட்பாட்டை நிறுவினார். மாறக்கூடியதை மறைத்துவைத்தால் மாற்றத்தின் விளைவு பரவாது என்பது அவர் கருத்து. மறைத்தல் இங்கு வடிவமைப்பின் தேவை. அது உடைமையின் வேலி அன்று. பிற்காலத்தில் இவ்விரண்டும் ஒன்றெனக் குழப்பப்பட்டமை பல தவறான கணிப்புகளுக்கு வழிவகுத்தது. பெல் ஆய்வுகூடத்தில் 1976 இல் ஸ்ருவேட் ஃபெல்ட்மன் ஆக்கிய மேக் என்னும் கருவி, எக்கோப்பு எதனைச் சார்ந்துள்ளது என்பதை எழுத்தில் வெளிப்படையாகக் குறிக்கச் செய்தது. நிரலாளரின் நினைவில் இருந்த சார்புறவு அதனாற் பதிவேட்டில் ஏறிற்று.

ஓர் எடுத்துக்காட்டினால் இன்றைய நிலையை விளக்கலாம். ஒரு நிறுவனத்தில் விற்பனை, கணக்கு, களஞ்சியப் பொறுப்பு என மூன்று உபதிட்டங்கள் உள்ளன என்று கொள்வோம். மூன்றுக்கும் பயனரின் அடையாளத்தைச் சரிபார்க்கும் பொதியொன்று வேண்டும். அதனைச் செய்யும் குழு அப்பொதியை நிறுவனத்தின் தனிப் பதிவகத்தில் 1.4 ஆம் பதிப்பாக வெளியிடுகிறது. விற்பனைக் குழு உடனே அதனை ஏற்கிறது. கணக்குக் குழு 1.2 ஆம் பதிப்பிலேயே நின்றுவிடுகிறது. பின்னர் இவ்விரு குழுக்களின் பொதிகளையும் ஒருங்கே சார்ந்து நிற்கும் களஞ்சியப் பொறுப்புக் குழு, ஒரே பொதியின் இரு பதிப்புகளுக்கிடையே அகப்பட்டுக்கொள்கிறது. தொழிலில் உள்ளோர் இதனை வைரவடிவச் சார்பு என்பர்.

இங்கு நிகழ்ந்தது யாது? ஒரே கூரையின் கீழ், ஒரே முதலாளியிடம் ஊதியம் பெறும் மூன்று குழுக்கள், சந்தையில் எதிர்ப்படும் விற்போரும் வாங்குவோரும் போல ஒருவரோடொருவர் உறவுகொள்கின்றன. ஒருவர் வெளியிடுகிறார், மற்றவர் விரும்பினால் ஏற்கிறார். விலை ஒன்றுதான் இல்லை. அதன் இடத்தைப் பதிப்பெண் பிடித்துக்கொள்கிறது. பதிப்பெண்ணின் முதல் இலக்கம் மாறினால் பழைய உடன்படிக்கை முறிந்தது, இரண்டாவது மாறினாற் புதிய வசதி சேர்ந்தது, மூன்றாவது மாறினாற் பிழை திருத்தப்பட்டது என்று கொள்ளும் மரபு இவ்வுறவின் ஒப்பந்த மொழியாக அமைந்துள்ளது.

இதற்கு நேர்மாறான ஒழுங்கமைப்பும் உண்டு. கூகிள் நிறுவனத்தைச் சேர்ந்த றேச்சல் பொட்வின், ஜொஷ் லெவென்பேர்க் ஆகியோர் 2016 இல் வெளியிட்ட கட்டுரை, 2015 ஜனவரியில் அந்நிறுவனத்தின் ஒரே களஞ்சியத்தில் ஏறத்தாழ 200 கோடி வரி நிரல் இருந்ததாகத் தெரிவிக்கிறது. நிரலாளருள் நூற்றுக்கு 95 பேர் அதனையே பயன்படுத்தினர். அங்கே உபதிட்டங்களுக்கிடையே பதிப்பெண் இல்லை. பொதுவான பகுதியை மாற்றுபவர் அதனாற் பாதிக்கப்படும் இடங்களையும் உடன் திருத்தும் பொறுப்பை ஏற்கிறார். சந்தையை உலகெங்கும் விரிவாக்கிய கம்பனி தன் உள்வீட்டிற் சந்தை வடிவத்தை ஒழித்துத் திட்டத்தை நிறுவியுள்ளமை கவனிக்கத்தக்கது. ஆனால் அத்தகைய களஞ்சியத்தைத் தாங்குவதற்கு அக்கம்பனி தனக்கென விசேட கருவிகளைப் பெருஞ்செலவில் ஆக்கவேண்டியிருந்தது. எந்த ஒழுங்கமைப்பு சிறந்தது என்ற வாதம் நிரலாளரின் இரசனை பற்றியதாகவே பெரும்பாலும் நடத்தப்படுகிறது. மூலதனத்தின் அளவும் தொழிலாளரின் சேர்க்கையும் அதனைப் பெருமளவு தீர்மானிக்கின்றன என்பதே எமது கருத்து.

5

நிறுவனங்களின் உள்ளே இவ்வாறாக, வெளியே மற்றொரு வரலாறு நடந்துகொண்டிருந்தது. 1990களிற் பல்கலைக்கழகங்களை இணைத்த வலையமைப்பின் மீது பொதுக்களஞ்சியங்கள் எழுந்தன. 1993 இல் இயன் மேர்டொக் தொடக்கிய டெபியன் திட்டமும் 1995 இல் நிறுவப்பட்ட பேர்ள் மொழிக் களஞ்சியமும் இவற்றுட் குறிப்பிடத்தக்கவை. ஒரே தொகுதியின் பிரதிகளைப் பல நாடுகளின் பல்கலைக்கழகங்களும் ஏனைய நிறுவனங்களும் தத்தம் கணினிகளில் வைத்துப் பேணின. ஓரிடம் அழிந்தாலும் பிற இடங்களில் எஞ்சும். தன்னார்வலரின் உழைப்பே இவற்றின் ஆதாரமாக இருந்தது.

பொதுக்களஞ்சியம் பெருகப் பெருகப் பெயர் பற்றிய சிக்கல் முன்னணிக்கு வந்தது. காணிக்கு உறுதி எவ்வாறோ அவ்வாறே பொதிக்குப் பெயர். ஜாவா மொழியாளரிடையே பரவிய மேவன் என்னும் கருவி, பொதியின் பெயருக்கு முன்னே அதனை ஆக்கியோரின் இணைய முகவரியை மறுதலையாக இடும் மரபைக் கைக்கொண்டது. உரிமையாளரின் அடையாளம் பெயரிலேயே பொறிக்கப்பட்டமையால் ஒருவர் பெயரை மற்றவர் கவர்தல் எளிதன்று. ஜாவாஸ்கிரிப்ற் மொழியாளருக்காக ஐசாக் ஷ்லூட்டர் ஆக்கிய என்.பி.எம். பதிவகமோ, முந்தி வந்தவருக்கே பெயர் என்ற விதியுடன் தொடங்கியது. பயன்பாட்டுக்கு எளிதாக இருந்தமையால் அது மிக விரைவிற் பெருகிற்று.

அப்பதிவகம் 2014 இல் முதலீட்டாளரின் பணத்துடன் ஒரு கம்பனியாயிற்று. 2015 இல் அது தனியார் பொதிகளைக் கட்டணத்துக்கு வைத்துப் பேணும் சேவையை வழங்கலாயிற்று. இக்கட்டணத்தின் தன்மையைச் சற்று நுணுகி நோக்கவேண்டும். தனியார் பொதியை எழுதுவது அதனை வைத்திருக்கும் நிறுவனத்தின் தொழிலாளரே. பதிவகம் ஒரு வரிதானும் எழுதுவதில்லை. பொதுப்பொதியை வைப்பதற்குக் கட்டணமில்லை. பிறர் காணாதவாறு மறைத்து வைப்பதற்கே கட்டணம். விற்கப்படுவது வேலியே. பல்லாயிரவர் இலவசமாகப் படைத்த பொதுப்பொதிகள் அனைவரையும் அவ்விடத்துக்கு இழுத்து வந்தமையாலேயே அங்கு வேலிக்குப் பெறுமதி உண்டாயிற்று. நகர வளர்ச்சியால் உயரும் நிலவாடகையை நிலச்சொந்தக்காரர் பெறுவதோடு இதனை ஒப்பிடலாம்.

பெயரின் மீதான அதிகாரம் யாரிடம் உள்ளது என்பதை 2016 மார்ச்சில் நிகழ்ந்த ஒரு சம்பவம் உலகறியச் செய்தது. அசெர் கோச்சுலு என்னும் நிரலாளரின் பொதியொன்று கிக் என்னும் பெயரைக் கொண்டிருந்தது. அதே பெயருடைய கனேடியச் செய்திப் பரிமாற்றக் கம்பனி அப்பெயரைக் கோரியது. பதிவகம் கம்பனியின் சார்பில் முடிவெடுத்தது. கோச்சுலு தமது 250க்கு மேற்பட்ட பொதிகள் யாவற்றையும் விலக்கிக்கொண்டார். அவற்றுள் ஒன்றான லெவ்ற்-பாட் வெறும் 11 வரிகளால் ஆனது. ஒரு சொல்லின் இடப்புறத்தை வேண்டிய நீளத்துக்கு நிரப்புவதே அதன் வேலை. அதனை நேரடியாக அறியாமலே பிற பொதிகளின் வழியாக அதிற் சார்ந்திருந்த ஆயிரக்கணக்கான திட்டங்கள் அன்று தடைப்பட்டன. சில மணி நேரத்துள் பதிவகம் அவ்வாசிரியரின் செயலை மீறிப் பொதியை மீளவைத்தது. பின்னர் பொதிகளை விலக்கும் உரிமையையும் கட்டுப்படுத்தியது.

இச்சம்பவத்தைச் சிலர் சோம்பேறி நிரலாளருக்குக் கிடைத்த பாடம் எனக் கூறி நகைத்தனர். எமக்கு அது வேறொன்றைக் காட்டுகிறது. சமுதாயம் முழுவதும் சார்ந்து நிற்கும் பொதுப்பொருளொன்றின் வாயிற்கதவு தனியொரு கம்பனியின் கையில் இருந்தது. 2018 இல் மைக்ரோசொப்ட் கிற்ஹப்பை வாங்கியது. 2020 இல் கிற்ஹப் அப்பதிவகத்தை வாங்கியது. வாயிற்கதவின் உரிமை கைமாறிற்று; உரிமையின் தன்மை மாறவில்லை.

6

வேலியின் உட்புறத்தாருக்கு வேலி போதிய பாதுகாப்பளித்ததா என்பது அடுத்த வினா. 2021 பெப்ரவரியில் அலெக்ஸ் பிர்சான் என்னும் பாதுகாப்பு ஆய்வாளர் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை தந்தது. பெரிய நிறுவனங்கள் பொதுவெளியில் விட்ட கோப்புகளில் அவற்றின் உள்வழக்குப் பொதிகளின் பெயர்கள் காணப்பட்டன. பொதிகள் மறைந்திருந்தன, பெயர்கள் மறைந்திருக்கவில்லை. அதே பெயர்களில், உயர்ந்த பதிப்பெண்ணுடன், தீங்கற்ற சோதனைப் பொதிகளை அவர் பொதுப்பதிவகங்களிற் பதிந்தார். ஆப்பிள், மைக்ரோசொப்ட், பேபால் முதலாக 35க்கு மேற்பட்ட நிறுவனங்களின் கணினிகள் தமது சொந்தப் பொதியை விடுத்து அவரது பொதியை எடுத்து இயக்கின. தவறுகளைச் சுட்டிக்காட்டுவோருக்கு நிறுவனங்கள் வழங்கும் சன்மானமாக அவருக்கு 130,000 டொலருக்கு மேற் கிடைத்தது.

இது எவ்வாறு நிகழ்ந்தது? பைதன் மொழியாளரின் கருவிக்குத் தனிப்பதிவகம் ஒன்றை மேலதிகமாகச் சேர்க்கும்படி கூறினால், அது தனிப்பதிவகம், பொதுப்பதிவகம் இரண்டையும் பார்த்து, எதில் உயர்ந்த பதிப்பெண் உண்டோ அதனை எடுத்துவிடும். தன்னுடையது, பிறருடையது என்ற வேறுபாட்டை அது அறியாது. பல உபதிட்டங்கள் உள்ள இடத்தில் இவ்வபாயம் பெருகுகிறது. ஒவ்வோர் உபதிட்டமும் தனக்கென ஓர் அமைப்புக்கோப்பையும் அனுமதிச் சாவியையும் வைத்திருக்கும். பத்து உபதிட்டங்களுள் ஒன்பது ஒழுங்காக இருந்து ஒன்று தவறினும் வாயில் திறந்ததாகவே முடியும்.

கோ மொழியின் வரலாறு இதன் மறுபக்கத்தைக் காட்டுகிறது. 2019 செப்ரெம்பரில் வெளிவந்த 1.13 ஆம் பதிப்பிலிருந்து அம்மொழியின் கருவி, வேறு கட்டளை இல்லாதவிடத்து, பொதிகளைக் கூகிள் நடத்தும் இடைநிலையத்தின் ஊடாகப் பெறுகிறது. அவற்றின் சரிபார்ப்புத் தொகைகளையும் அந்நிறுவனத்தின் ஏட்டோடு ஒப்பிடுகிறது. எவையெவை தனியார் பொதிகள் என்பதைப் பயன்படுத்துவோர் முன்கூட்டியே குறித்துக் கூறவேண்டும். கூறத் தவறின் பொதியின் பெயர் வெளியார் கணினியை அடைந்துவிடும். பொது என்பதே இயல்பு நிலையாகவும் தனிமை என்பது அறிவித்துப் பெறவேண்டிய விலக்காகவும் இங்கு அமைந்துள்ளன.

இவ்வனுபவங்களிலிருந்து தொழிலாளர் கண்டடைந்த நடைமுறைகள் சில உள. பொதியின் பெயருக்கு முன்னே நிறுவனத்துக்கு உரிய பெயரெல்லையை இடுதலும் அவ்வெல்லையைப் பொதுப்பதிவகத்திலும் தமதாகப் பதிந்துகொள்ளுதலும் முதலாவது. உபதிட்டங்கள் யாவும் ஒரே வாயிலினூடாகவே, அதாவது நிறுவனம் கட்டுப்படுத்தும் ஒரே பதிவகத்தினூடாகவே, தனியார் பொதியையும் பொதுப்பொதியையும் பெறுதல் இரண்டாவது. எடுத்த ஒவ்வொரு பொதியின் பதிப்பையும் சரிபார்ப்புத் தொகையையும் பூட்டுக்கோப்பிற் பதிந்து, அது மாறின் கட்டமைப்பை நிறுத்துதல் மூன்றாவது. ஒன்றாகவே மாறும் உபதிட்டங்களை ஒரே களஞ்சியத்தில் வைத்து, அவற்றிடையே பதிப்பெண்ணைத் தவிர்த்து நேரடியாக இணைத்தல் நான்காவது. வெளியிடலாகாத பொதியில் அது தனியாருக்குரியது என்ற குறியை இடுதல் ஐந்தாவது. மறதியால் நேரும் வெளியீட்டை இக்குறி தடுக்கும்.

இவை பயனுள்ளவை. ஆனால் இவ்வைந்தும் ஓர் உண்மையை ஒப்புக்கொள்கின்றன: தனியார் பொதி எங்கும் தனித்து நிற்பதில்லை. அது வழக்கமாகப் பொதுப்பொதிகளின் மேலேயே எழுப்பப்பட்டுள்ளது; அவற்றுக்குரிய கருவிகளாலும் பெயரிடும் மரபுகளாலும் ஆளப்படுகிறது.

7

அப்பொதுப்பொதிகளைப் பேணுவோர் யார்? இணையத்தின் பெரும்பகுதியிற் செய்திகளை மறைகுறியாக்கிய ஓப்பன் எஸ்.எஸ்.எல். மென்பொருளிற் பாரதூரமான பிழையொன்று 2014 இல் வெளிப்பட்டபோது, அதனை மிகச் சிலரே, சொற்ப நிதியுடன் பேணிவந்தமை தெரியவந்தது. 2021 டிசெம்பரில் லொக்போர்ஜே என்னும் ஜாவாப் பொதியிற் குறைபாடு கண்டறியப்பட்டபோது, உலகின் மிகப்பெரிய கம்பனிகள் தன்னார்வலர் சிலரின் திருத்தத்துக்காகக் காத்திருந்தன. 2024 மார்ச்சில் எக்ஸ்.ஸெற். என்னும் சுருக்கப் பொதியிலே தீய நிரல் புகுத்தப்பட்டிருப்பதை அன்ட்றெஸ் ஃப்றொயின்ட் கண்டுபிடித்தார். ஏறத்தாழத் தனியொருவராக அதனைப் பேணிக் களைத்திருந்த தன்னார்வலரின் நம்பிக்கையைப் பெற்று, உதவியாளர் போல வந்த ஒருவரே அதனைப் புகுத்தியிருந்தார். முன்னர் கூறிய பூட்டுக்கோப்பும் ஒரே வாயிலும் இத்தகைய நஞ்சைத் தடுக்கமாட்டா. ஏனெனில் அது உரிய பெயரில், உரிய பதிவகத்தில், உரியவரின் கையொப்பத்துடனேயே வந்தது.

சமுதாய ரீதியான உற்பத்திக்கும் தனியார் சுவீகரிப்புக்கும் இடையிலான முரண்பாடு என மார்க்சியர் கூறுவதன் தெளிவான வடிவத்தை இங்கு காண்கிறோம். தனியார் பொதிகளின் வேலியைக் காப்பதற்கு ஊதியம் பெறும் குழுக்கள் உள்ளன. அவ்வேலி நிற்கும் நிலத்தைப் பண்படுத்துவோர் பலருக்கு ஊதியமில்லை.

இப்பொதுமை எம்போன்ற நாடுகளுக்கு வெறுங் கோட்பாட்டு விடயமன்று. 2004 டிசெம்பர் கடற்கோளின் பின்னர் இலங்கையின் மென்பொருளாளர் தன்னார்வமாகச் சேர்ந்து, காணாமற்போனோரையும் நிவாரண முகாம்களையும் பதிவதற்கான சகானா என்னும் அமைப்பைச் சில வாரங்களில் உருவாக்கினர். கட்டணமின்றிக் கிடைத்த பொதுமென்பொருட்களின் மீது அது எழுப்பப்பட்டமையாலேயே அவ்வேகம் சாத்தியமாயிற்று. அதுவும் கட்டற்ற மென்பொருளாகவே வெளியிடப்பட்டது. 2005 இற் பாகிஸ்தானில் நிகழ்ந்த பூகம்பத்தின்போது அங்கும் பயன்பட்டது. 2006 ஆம் ஆண்டுக்கான சமூகநலப் பரிசைக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை அதற்கு வழங்கியது. பொதுக்களஞ்சியத்திலிருந்து எடுத்ததைப் பொதுக்களஞ்சியத்துக்கே மேலதிகமாகத் திருப்பியளித்த நிகழ்வு இது.

8

இதுவரை கூறியவற்றிலிருந்து சில முடிபுகளுக்கு வரலாம். மறைத்தல் எல்லாம் ஒரே தன்மையானதன்று. ஒரு கூறின் உள்விவரங்களை மறைப்பது வடிவமைப்பின் தேவை. நோயாளியின் விவரத்தையோ தொழிலாளியின் சம்பள விவரத்தையோ கையாளும் இடங்களை மறைத்துக் காப்பது சமுதாயக் கடமை. திகதியை எழுத்தாக மாற்றும் நிரலையும் பட்டியலை வரிசைப்படுத்தும் நிரலையும் நிறுவனச் சொத்தென மறைத்துப் பேணுவதோ வெறும் வேலிப்பழக்கம். முதலிரண்டையும் மூன்றாவதிலிருந்து பிரித்தறியாத நிறுவனம், தேவையற்ற தனியார் பொதிகளைப் பெருக்கி, அவற்றைக் காக்கும் சுமையைத் தன் தொழிலாளரின் மேல் ஏற்றுகிறது. ஓர் உபதிட்டம் எதனைச் சார்ந்துள்ளது என்று பட்டியலிடும்போதே, அதிலுள்ள ஒவ்வொன்றையும் பேணுபவர் யார், அவருக்கு நாம் திருப்பியளிப்பது யாது என்ற வினாக்களையும் எழுப்பவேண்டும்.

பதிவகத்தின் உடைமை பற்றிய வினாவோ தனி நிறுவனங்களின் எல்லைக்கு அப்பாற்பட்டது. பொது நூலகங்களும் பல்கலைக்கழகங்களும் ஏட்டுச்சுவடிகளையும் அச்சுநூல்களையும் பேணும் பொறுப்பை ஏற்றுள்ளன. 1990களில் மென்பொருட் களஞ்சியங்களின் பிரதிகளைப் பேணுவதிலும் பல்கலைக்கழகங்களுக்குப் பங்கிருந்தது. அப்பங்கு பெருமளவு கம்பனிகளிடம் சென்றமை தொழினுட்பத்தின் நியதியால் நிகழ்ந்ததன்று. செலவை ஏற்க ஒரு சாரார் முன்வந்தனர், மறுசாரார் வாளாவிருந்தனர். பதிவகங்களும் அவற்றின் பெயரேடுகளும் பொது நிறுவனங்களின் கூட்டுப்பொறுப்பில் நடத்தப்படக்கூடியனவா, அதற்கான நிதியும் நிர்வாக முறையும் எவ்வாறு அமையவேண்டும் என்பன கணினித்துறையினரும் சமூக விஞ்ஞானிகளும் ஒருங்கே ஆராயவேண்டியவை. அவ்வாராய்ச்சியில் எமது பல்கலைக்கழகங்களுக்கும் உரிய பங்கு உண்டு.